நடுகல்லும் நாடும்

போரில் மடிந்த வீரனுக்குக் கல் நட்டு வழிபடும் வழக்கம் தமிழருள் மிகப் பழையது. தக்க கல்லைக் கண்டு தேர்தல் முதலாக, நாட்கொண்டு, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துதல் ஈறாக அதற்குரிய துறைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் முறைப்படுத்திக் கூறும். வீரனுடைய பெயரும் சிறப்பும் கல்லிற் பொறிக்கப்பட்டமையைச் சங்கச் செய்யுட்கள் பலவிடத்தும் சுட்டுகின்றன. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006 ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் இவ்வழக்கின் தொன்மைக்குச் சான்றாவன. அவற்றுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலொன்றில் இறந்தவனைக் குறிப்பது. இத்தகைய கற்களை நட்டோர் ஊரவரும் உறவினருமே. இறந்தவன் எவ்வூரான், எதன்பொருட்டு இறந்தான் என்பதனை நேரே அறிந்தவர்கள் அவனுக்குக் கல்லெடுத்தனர்.

சிலப்பதிகாரத்து வஞ்சிக்காண்டத்திற்கு வருங்கால் நிலைமை வேறாகின்றது. கண்ணகிக்குக் கல்லெடுக்கப் புறப்பட்ட சேரன் செங்குட்டுவன், அருகிலுள்ள மலையிற் கல் கொள்ளாது இமயத்துக்குச் செல்கின்றான். போரிலே தோற்ற கனகனும் விசயனும் அக்கல்லைத் தம் தலைமேற் சுமந்து வருகின்றனர். கற்புடைய ஒருத்தியின் நினைவுக்கெனத் தொடங்கிய செயல், வட திசையில் வஞ்சி வேந்தன் பெற்ற வெற்றியை அறிவிக்கும் செயலாகவும் முடிந்தது. கண்ணகியைக் கண்டறியாத அரசன் தன் நாட்டின் பெருமைக்காக எடுத்த கல் அது.

இருபதாம் நூற்றாண்டில் ஆசிய நாடுகளில் எழுந்த போர் நினைவுச் சின்னங்களை ஆராய்வார்க்கு இவ்விரு வகையும் மனத்தில் இருத்தல் நன்று. உறவினர் நடுங் கல் ஒன்று. அரசு நடுங் கல் மற்றொன்று. இரண்டாவது வகைக் கல்லைப் பெறுதற்கு வீரமும் சாவும் மட்டும் போதா. இறந்தவனைத் தன்னவன் என உரிமை கொள்ளும் அரசொன்று இருத்தல் வேண்டும். அவ்வரசு மாறினால் கல்லின் பொருளும் மாறும். அவ்வரசு இல்லையாயின் கல்லும் இல்லை.

முதலாம் உலகப் போரின்போது, 1917 ஆம் ஆண்டில், பேரரசுப் போர்க் கல்லறை ஆணைக்குழு இலண்டனில் அமைக்கப்பட்டது. படைத்தலைவனுக்கும் சாதாரண வீரனுக்கும் ஒரே வகைக் கல்லே நடப்படும் என்பதும், இனம், சமயம் பற்றிய வேறுபாடு காட்டப்படாது என்பதும் அதன் கொள்கைகள். கொள்கை மிகச் சிறந்ததே. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் அது பெரும்பாலும் நிறைவேறியது. ஈராக்கிலுள்ள பஸ்ரா நினைவுச் சின்னத்தையோ அவ்வாறு கூறுதற்கில்லை. அங்கே இந்தியப் படையின் அதிகாரிகளுக்குப் பெயர் பொறிக்கப்பட்டது. சிப்பாய்களோ படைப்பிரிவுதோறும் இத்துணையர் என எண்ணிக்கையாற் குறிக்கப்பட்டனர். தன் முன்னோர் செய்த இக்குறையினை அவ்வாணைக்குழுவின் வழிவந்த நிறுவனமே 2021 ஆம் ஆண்டில் ஓர் அறிக்கையின் வாயிலாக ஏற்றுக்கொண்டது. ஆபிரிக்காவையும் ஆசியாவையும் சார்ந்தோருட் குறைந்தது 116,000 பேர், ஒருகால் 350,000 பேர் வரையிலும், பெயராற் குறிக்கப்படாமலோ முற்றிலும் நினைக்கப்படாமலோ விடப்பட்டனர் என்பது அவ்வறிக்கையின் முடிபு.

அரசு மாறும்போது கல்லின் பொருள் மாறுவதைக் காணுதற்குத் தில்லியினும் சிறந்த இடம் இல்லை. இந்திய வாயில் எனப்படும் வளைவுக்கு 1921 இல் கொன்னோற் கோமகன் அடிக்கல் நாட்டினார். 1931 இல் இர்வின் பிரபு அதனைத் திறந்துவைத்தார். சேர் எட்வின் லற்றியன்ஸ் வரைந்த அவ்வளைவு 42 மீற்றர் உயரமானது. பிரித்தானியப் பேரரசுக்காக மடிந்த இந்தியர் ஏறத்தாழ 70,000 பேருக்கென எடுக்கப்பட்டதாயினும், அதிற் பொறிக்கப்பட்ட பெயர்கள் 13,000 க்குச் சற்று மேற்பட்டவையே. அருகில் ஒரு மண்டபத்தினுள் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் சிலை நின்றது. சுதந்திரம் பெற்ற இந்தியா அவ்வளைவை இடிக்கவுமில்லை. பல்லாண்டுகளாக அதனைத் தன்னுடையதென முழுமனத்தோடு ஏற்கவுமில்லை. 1968 இல் மன்னர் சிலை அகற்றப்பட்டது. வங்காளதேசப் போரின் வெற்றிக்குப் பின்னர், 1972 சனவரி 26 அன்று, வளைவின்கீழே அணையா விளக்கொன்றைப் பிரதமர் இந்திரா காந்தி ஏற்றிவைத்தார். தலைகீழாக நிறுத்திய துப்பாக்கியும் அதன்மேல் ஒரு தலைக்கவசமுமாக அமைந்த அச்சிறு சின்னமே, பேரரசின் வளைவைக் குடியரசின் கோயிலாக்கியது. அரை நூற்றாண்டுக் காலம் மக்கள் அவ்விளக்கையே கண்டு வணங்கினர். மேலே பொறித்த பெயர்கள் எவருடைய போரில் இறந்தவர்களுடையவை என்பதைக் கேட்டவர் சிலரே.

பின்னர் 2019 பெப்ரவரி 25 இல் அதனருகே தேசியப் போர் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டிடக் கலைஞர் ஒருவர். பாரதக் கதையிற் கூறப்படும் சக்கரவியூகத்தைப் பின்பற்றி ஒன்றனுள் ஒன்றாக அமைந்த நான்கு வட்டங்களும், 1947 க்குப் பின் மடிந்த 25,000 க்கு மேற்பட்ட வீரர்களின் பெயர் பொறித்த கருங்கற் சுவர்களும் அங்கு உள்ளன. 2022 சனவரியில் பழைய விளக்கு அச்சின்னத்தின் விளக்கோடு ஒன்றாக்கப்பட்டது. அதே ஆண்டு செப்ரெம்பரில், மன்னர் சிலை நின்ற வெற்று மண்டபத்திற் சுபாஷ் சந்திரபோசின் கற்சிலை நிறுத்தப்பட்டது. மன்னரின் படையில் இறந்தோர் பெயர் வளைவிலே நிற்க, அம்மன்னரின் படையோடு பொருதவர் அம்மண்டபத்திலே நிற்கின்றார். இரு சாராரும் இந்தியரே. ஒருவரையொருவர் சுட்ட இரு சாராரையும் ஒரு வீதியிலே நிறுத்துவதற்கு அந்நாட்டுக்கு எழுபத்தைந்து ஆண்டுகள் வேண்டியிருந்தன.

போசின் பெயரோடு தொடர்புடைய மற்றொரு கல் சிங்கப்பூரிலே நின்றது. 1945 யூலை 8 ஆம் நாள், அந்நகரின் கடற்கரைத் திடலில், இந்திய தேசிய இராணுவத்தின் பெயரறியா வீரனுக்கு அவர் அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் எனப் பொருள்படும் மூன்று சொற்கள் அச்சின்னத்திற் பொறிக்கப்பட்டன. மலாயாத் தோட்டங்களிலிருந்து அவ்விராணுவத்திற் சேர்ந்த தமிழர் பலராதலின் அவர்தம் குடும்பங்களுக்கும் அக்கல் உரியதாயிற்று. ஆயின் அது சில கிழமைகளே நின்றது. செப்ரெம்பரில் நகரை மீளக் கைப்பற்றிய பிரித்தானியர், மவுண்ட்பேட்டன் பிரபுவின் கட்டளைப்படி அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். வென்ற படை தோற்றவர் கல்லைத் தகர்ப்பது புதிதன்று. அவ்வாறு செய்வதால் நினைவு அழிந்துவிடும் என்று கருதுவதும் புதிதன்று. அக்கல்லின் வடிவம் பின்னர் மணிப்பூரிலுள்ள மொய்ராங்கில் மீள எடுக்கப்பட்டது. அது நின்ற இடத்தைச் சிங்கப்பூர் அரசே 1995 இல் ஓர் அறிவிப்புக் கல்லாற் குறித்தது. அதே திடலில், முதலாம் உலகப் போரில் மடிந்தோர்க்கு 1922 இல் திறக்கப்பட்ட தூணும், யப்பானியர் சிறையில் உயிர்நீத்த லிம் போ செங் என்பார்க்கு 1954 இல் எழுப்பிய மண்டபமும் உள்ளன. பேரரசின் வீரரும், பேரரசை எதிர்த்தோரும், யப்பானியரை எதிர்த்தவரும் ஒரு திடலிலே அயலவராயினர்.

ஆயினும் சிங்கப்பூரின் நாட்டுணர்வை உருவாக்கிய கல் அவற்றுள் எதுவுமன்று. 1942 பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் யப்பானியப் படையினர் சீன ஆடவரை வகைதொகையின்றிக் கொண்டுசென்று கொன்றனர். யப்பானியர் ஒப்புக்கொண்ட தொகை ஏறத்தாழ 5,000. சீனர் கூறும் தொகை அதனினும் பன்மடங்கு. 1962 இல் சிக்லாப் பகுதியிற் புதைகுழிகள் வெளிப்பட்டன. சீன வர்த்தக சங்கத்தார் எலும்புகளைத் திரட்டித் தம் இனத்தவர்க்கு ஒரு சின்னம் எழுப்ப விரும்பினர். பிரதமர் லீ குவான் யூ நிலம் வழங்க உடன்பட்டார்; ஆனால் அச்சின்னம் எல்லா இனத்தவர்க்கும் உரியதாதல் வேண்டும் என்றார். 1967 பெப்ரவரி 15 அன்று, நகரம் யப்பானியரிடம் வீழ்ந்த இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவில், 65 மீற்றருக்கு மேல் உயர்ந்த நான்கு தூண்கள் திறந்துவைக்கப்பட்டன. அவை சீனர், மலாயர், இந்தியர், ஏனையோர் என்னும் நான்கு சமூகத்தாரைக் குறிப்பன. அடியில் ஒன்றாகவும் மேலே நான்காகவும் நிற்கும் அத்தூண்கள் அளவிலே முற்றும் ஒத்தவை. இழப்போ ஒத்ததன்று. பெருந்தொகையாக இறந்தோர் சீனரே என்பதை அங்குக் கூடியிருந்த அனைவரும் அறிவர். தனிநாடாகி ஈராண்டும் நிரம்பாத ஓர் அரசு, ஓரினத்தின் துயரை நான்கு இனத்தவர்க்கும் பகிர்ந்தளித்தே தன் மக்களை ஒரு மக்களாக்க முயன்றது. வரலாற்றுக் கணக்கின்படி இதனைப் பிழை என்பார் உளர். அரசியலறிவின்படி இதனினும் நேர்த்தியான பொய் ஆசியாவில் அரிதாகவே கட்டப்பட்டுள்ளது எனலாம்.

இனி, போரைத் தொடுத்த நாட்டினர் தம் இறந்தோரை எவ்வாறு நினைக்கின்றனர் என்பதும் நோக்கற்பாலது. ஹிரோசிமாவில் அணுக்குண்டுக்கு இரையானோர் பெயர்ப் பட்டியலைத் தாங்கும் கல்வளைவு, தாங்கே கென்சோ என்னும் கலைஞரால் வடிவமைக்கப்பட்டு 1952 இல் திறக்கப்பட்டது. இறந்தோரை அமைதியாகத் துயிலுமாறு வேண்டி, பிழை மீண்டும் நேராது என உறுதி கூறும் வாசகம் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வாக்கியத்தில் எழுவாய் இல்லை. தமிழைப் போலவே யப்பானிய மொழியும் எழுவாயைத் தொக்கு நிற்கவிட வல்லது. தமிழிலக்கணத்தார் தோன்றா எழுவாய் என்பர். பிழை செய்தவர் யார்? குண்டு வீசிய அமெரிக்கரா, போரைத் தொடங்கிய யப்பானியரா? தோக்கியோ நீதிமன்றத்தில் யப்பானியத் தலைவர்களைக் குற்றமற்றவரெனத் தனித்துத் தீர்ப்பெழுதிய வங்காளத்து நீதிபதி ராதாவினோத் பால், அதே ஆண்டில் அங்குச் சென்றபோது, குண்டை வீசியவர் யப்பானியரல்லரே எனக் கடிந்துகொண்டார். மனித குலம் முழுவதுமே அவ்வெழுவாய் என்பது நகராட்சியார் தரும் விளக்கம். ஓர் எழுவாயை மறைத்தமையாலேயே அக்கல் எல்லாராலும் வணங்கத்தக்கதாயிற்று. அதனாலேயே சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமலும் விட்டது. குண்டினால் இறந்தோருட் பல்லாயிரவர் கொரியர். அவர்க்கென 1970 இல் எழுந்த சின்னம் அமைதிப் பூங்காவுக்கு வெளியே நின்றது. பூங்காவினுள் அது இடம்பெற்றது 1999 இலேயே.

தோக்கியோவிலுள்ள யசுக்குனிக் கோயிலில் எழுவாய் மறைக்கப்படவில்லை. 1869 இல் நிறுவப்பட்ட அக்கோயிலிற் பேரரசருக்காக மடிந்த ஏறத்தாழ 25 இலட்சம் பேர் தெய்வமாக வைத்து எண்ணப்படுகின்றனர். 1978 இல் முதன்மைப் போர்க்குற்றவாளிகள் பதினால்வர் பெயரும் அவற்றோடு சேர்க்கப்பட்டன. 1980களின் நடுப்பகுதி தொடக்கம் அக்கோயிலுக்குப் பிரதமர் ஒருவர் செல்லும்போது சீனாவிலும் கொரியாவிலும் கண்டனம் எழுகின்றது. அதனினும் சிந்திக்கத்தக்கது வேறொன்று. யப்பானியப் படையிற் சேர்க்கப்பட்டு இறந்த கொரியரும் தைவானியரும் ஏறத்தாழ 50,000 பேர் அங்கு எண்ணப்படுகின்றனர். அவர்தம் பெயரை நீக்குமாறு உறவினர் சிலர் வேண்டியும் கோயிலார் இசைந்திலர். சிலர்க்குக் கல் கிடையாமையே துயரம். இவர்க்கோ வேண்டாத கல்லிலிருந்து விடுபட இயலாமை துயரமாயிற்று.

ஒரே நாட்டினுள் நிகழ்ந்த போராயின், அரசின் கல் இன்னுங் கடுமையானதாகும். வியட்நாமில் வென்ற படையினர்க்குச் சிற்றூர்தோறும் மயானங்கள் உள்ளன. துரொங்சோன் மயானத்தில் மட்டும் 10,000 க்கு மேற்பட்ட கல்லறைகள் வரிசையாகக் காணப்படும். தென்னாட்டு அரசின் படையினரைப் புதைத்த பியென்கோவா மயானமோ 1975 க்குப் பின் நெடுங்காலம் இராணுவக் காவலுக்குட்பட்டிருந்தது. 2006 இலேயே அது குடியியல் நிருவாகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு தாயின் இரு புதல்வரும் எதிரெதிர்ப் படைகளில் இறந்த குடும்பங்கள் அந்நாட்டிற் பல. ஒருவனுக்கு அரசு தந்த சான்றிதழ் வீட்டுச் சுவரிலே தொங்கும். மற்றவனுக்கு வீட்டினுள்ளே விளக்கு மட்டும் எரியும். யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

மேற்கூறிய சின்னங்கள் யாவும் எவரேனும் ஒருவரால் உரிமை கொள்ளப்பட்டோர்க்கு எழுந்தவை. எவராலும் உரிமை கொள்ளப்படாதோர் நிலையைக் காணுதற்குச் சீயத்துக் காஞ்சனபுரிக்குச் செல்லல் வேண்டும். அந்நாடு 1939 முதல் தாய்லாந்து எனப் பெயர் பெற்றதாயினும், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாயிற் சீயம் என்றே வழங்கியது. அங்கு நிகழ்ந்த கொடுமையும் அவர்க்குச் சீயமரண இரயில் ஆயிற்று.

பர்மாவிலிருந்த தம் படைகளுக்கு உணவும் ஆயுதமும் அனுப்புதற்கு, பான்பொங் என்னுமிடத்திலிருந்து தன்பியூசயாத் வரை 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையொன்றை யப்பானியர் அமைத்தனர். 1942 இன் நடுப்பகுதியிற் தொடங்கிய வேலை 1943 ஒக்டோபர் 17 இல் இரு முனையும் கூடியதோடு நிறைவெய்தியது. மலையும் காடும் செறிந்த அந்நிலத்தில், பொறிகள் அரிதாகவும் மனிதக் கைகள் மிகுதியாகவும் கொண்டு அவ்வேலை செய்யப்பட்டது. பிரித்தானியர், ஒல்லாந்தர், அவுத்திரேலியர், அமெரிக்கர் ஆகிய போர்க்கைதிகள் 60,000 க்கு மேற்பட்டோர் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். 12,000 க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரின் தொகை இதனினும் மிகப் பெரிது. பர்மியர், மலாயர், சாவகத்தார், சீனர், தமிழர் எனக் குறைந்தது 180,000 பேர் கொண்டுசெல்லப்பட்டனர் என்றும், அவருள் ஏறத்தாழ 90,000 பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடுவர். மலாயாவிலிருந்து சென்றோருட் பெரும்பாலோர் இறப்பர்த் தோட்டத் தமிழர். போர் காரணமாகப் பால்வெட்டு நின்று தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாதிருந்த காலம் அது. கூலியும் உணவும் உண்டு என்ற சொல்லை நம்பிச் சிலர் சென்றனர். பின்னர்ப் பலர் வலிந்து பிடித்தேற்றப்பட்டனர். மனைவி மக்களோடு சென்றோரும் உளர். 1943 இன் மழைக்காலத்தில் வாந்திபேதி நோய் முகாம்களிற் பரவியபோது இவர்களே மிகுதியாக மாண்டனர்.

கைதிகளின் துயரைக் குறைத்துக் கூறுதல் தகாது. ஆயினும் அவர்க்கு இருந்த ஒன்று தொழிலாளர்க்கு இல்லை. கைதிகள் படைவீரராதலின், சிறையிலும் அவர்தம் படையொழுங்கு குலையவில்லை. அவர்க்கு மேலதிகாரிகள் இருந்தனர், மருத்துவர்கள் இருந்தனர், மறைவாக எழுதப்பட்ட பெயர்ப் பட்டியல்கள் இருந்தன. இன்னார் இன்ன நாளில் இன்ன நோயால் இறந்தார், இன்னவிடத்திற் புதைக்கப்பட்டார் என்பது குறித்துவைக்கப்பட்டது. போர் முடிந்த சில கிழமைகளுள், அப்பட்டியல்களைக் கையிற் கொண்டு ஒரு குழுவினர் பாதை நெடுகச் சென்று கல்லறைகளைக் கண்டுபிடித்தனர். காஞ்சனபுரி நகர் நடுவே இன்று ஏறத்தாழ 7,000 கற்கள் பசும்புல்லின்மேல் வரிசையாகக் கிடப்பது அதன் பயன். தொழிலாளர்க்கு அதிகாரியும் இல்லை, மருத்துவரும் இல்லை, எழுதிவைத்தாரும் இல்லை. ஒரே குழியிற் பலராக இடப்பட்டனர், எரிக்கப்பட்டனர், காட்டிலே விடப்பட்டனர். போரின் பின்னர் அவர்களைத் தேடுதற்குரிய அரசும் எதுவெனத் தெளிவில்லை. பிரித்தானியர்க்கு அவர்கள் படைவீரரல்லர். ஆதலின் ஆணைக்குழுவின் பொறுப்புக்கு வெளியே நின்றனர். இந்தியாவுக்கு அவர்கள் கடல் கடந்துபோனவர்கள். 1957 இல் விடுதலை பெற்ற மலாயாவுக்கு, அது தோன்றுமுன்னரே இறந்துபோன தோட்டக் கூலிகள். சீயத்துக்கோ அயலார்.

அதே 1957 ஆம் ஆண்டில் அப்பாதையைப் பற்றிய ஆங்கிலத் திரைப்படமொன்று வெளிவந்து உலகெங்கும் புகழ்பெற்றது. அதன் பெரும்பகுதி எடுக்கப்பட்டது சீயத்திலன்று. இலங்கையிலே, களனி கங்கை பாயும் கித்துல்கலையில். ஆங்கிலக் கைதிகளின் மானமும் பிடிவாதமுமே அதன் கதை. உண்மையிற் பெருந்தொகையினராயிருந்த ஆசியத் தொழிலாளர்க்கு அக்கதையில் இடமில்லை. படத்தைக் கண்டோர் அப்பாலத்தைக் காணக் காஞ்சனபுரிக்கு வரலாயினர். வந்தவர் தேடிய குவாய் ஆற்றின்மேற் பாலம் இல்லை. பாலம் நின்றது மேகுலோங் என்னும் ஆற்றின்மேல். தாய்லாந்து அரசு 1960 அளவில் அவ்வாற்றின் அப்பகுதிக்குக் குவாய் எனப் பெயர் மாற்றியது. கதைக்கேற்ப ஆறே பெயர் மாறிய நாட்டில், தொழிலாளர்க்கு ஒரு பெயர்ப்பலகை எழுவது அரிதாயிருந்தது.

அவர்க்குக் கல்லே இல்லை என்பதும் முழு உண்மையன்று. 1944 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாலத்துக்கருகே, பாதையமைத்த யப்பானியப் பொறியியற் படையினரே வேலையில் இறந்தோர்க்கு ஒரு சின்னம் எழுப்பினர். கைதிகளின் உழைப்பாற் கட்டப்பட்ட அச்சின்னத்திற் பல மொழி வாசகங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று தமிழ். சாவுக்குக் காரணராயிருந்தோர் இறந்தவர்தம் மொழியை மறவாமல் எழுதிவைத்தமை வியப்புக்குரியது. போரில் வென்றோர் எழுப்பிய கல்லறைகளில் அம்மொழி இல்லாமை அதனினும் வியப்புக்குரியது.

1990 இல் அந்நகர்ப் புறத்தே ஒரு தோட்டத்திற் பெரிய புதைகுழியொன்று வெளிப்பட்டு நூற்றுக்கணக்கானோர் எலும்புகள் எடுக்கப்பட்டன. 1998 இல் அவுத்திரேலிய அரசு தன் வீரர் மாண்ட மலைக்கணவாயிலே நூதனசாலையொன்றைத் திறந்தது. ஆண்டுதோறும் ஏப்பிரல் 25 ஆம் நாள் விடியற்காலையில் அவுத்திரேலியர் பலர் அங்குக் கூடுகின்றனர். மலேசியாவில், அப்பாதையிலிருந்து உயிர்மீண்ட முதியோர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தனர். அவர்தம் பிள்ளைகளும் பேரர்களும் சொற்கேட்டறிந்தவற்றைத் திரட்டத் தொடங்கினர். சிலர் நேரே சென்று பாதையோரத்தில் மண்ணெடுத்து மீண்டனர்.

தொழிலாளரின் எச்சங்கள் புதைக்கப்பட்ட இடமொன்று காஞ்சனபுரியிலுள்ள தவோன் வராராம் என்னும் பௌத்தப் பள்ளியிலே உண்டு. போர்க்கைதிகளின் கல்லறைகளுக்கு அணித்தேயிருந்தும், அங்குச் செல்லும் உல்லாசப் பயணிகள் அதனைக் காண்பது அரிது. தாய்லாந்து வாழ் தமிழரின் முயற்சியாலும் தமிழ்நாட்டு அரசின் நிதியுதவியாலும் 2023 ஆம் ஆண்டில் அப்பள்ளி வளவினுள் ஒரு கல் நாட்டப்பட்டது. அதனை நாட்டியோர் அதற்கு நினைவுத்தூண் என்றோ போர்ச்சின்னம் என்றோ பெயரிடவில்லை. நடுகல் என்றே பெயரிட்டனர். யப்பானியப் பொறியியலாளர் பாலத்தருகே தமிழெழுத்தைப் பொறித்து அப்போது எழுபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.